ஊர்ப்பெயரும் ஏர்ல் பட்டமும்: அருண்டெல் ஆவணங்களை முன்வைத்து

முன்னுரை

இங்கிலாந்தின் தென்பகுதியில், சசெக்ஸில், அருன் ஆற்றங்கரையில் அமைந்த சிறு நகரம் அருண்டெல். இந்நகரின் கோட்டையை உடையவரே அருண்டெல் ஏர்ல் என்பது நெடுங்காலமாக வழங்கிவந்த கருத்தாகும். ஏர்ல் என்பது இங்கிலாந்தின் உயர்குடிப் பட்டங்களுள் ஒன்று. அது தொடக்கம் முதலே இக்கோட்டையைச் சார்ந்து நின்றதா என்பதை ஆவணங்களின் கால வரிசையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நார்மன் காலம்

1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப் பதிவேடு அருண்டெல் கோட்டையைக் குறிப்பிடுகிறது. நகரம், ஆற்றுத்துறை, கப்பல் வரி ஆகியவற்றால் கிடைத்த வருவாய் 12 பவுண்டு என அது பதிவு செய்துள்ளது. அப்போது கோட்டை மான்ட்கோமரி ரோஜரிடம் இருந்தது. பதிவேடு அவரை 'ஏர்ல் ரோஜர்' என்றே சுட்டுகிறது. அருண்டெலின் ஏர்ல் எனச் சுட்டவில்லை. 1102இல் அவர் மகன் ராபர்ட் கிளர்ச்சி செய்ததால் கோட்டை முதலாம் ஹென்றியின் வசமாயிற்று. பின்னர் அது அவர் அரசி அடெலைசாவுக்கு உரியதாயிற்று. மன்னர் 1135இல் இறந்தபின், அரசியை மணந்த வில்லியம் டி ஆபினி கோட்டையைப் பெற்றார்.

பட்டயச் சான்று

இவ்வில்லியம் ஆவணங்களில் அருண்டெல் ஏர்ல், சிசெஸ்டர் ஏர்ல், சசெக்ஸ் ஏர்ல் என மூவகையாகக் குறிக்கப்படுகிறார். 1155இல் இரண்டாம் ஹென்றி அளித்த பட்டயம் அருண்டெல் கோட்டையையும் அதனைச் சார்ந்த நிலங்களையும் அவருக்கு உறுதிசெய்கிறது. அத்துடன், அவர் ஏர்லாக விளங்கும் சசெக்ஸின் நீதிமன்ற வருவாயில் மூன்றில் ஒரு பங்கையும் வழங்குகிறது. எனவே பட்டம் மாவட்டத்தைச் சார்ந்தது என்பதும், அருண்டெல் என்பது அவரது இருப்பிடம் பற்றி வந்த வழக்கு என்பதும் பெறப்படும்.

பிற்கால வழக்கு

1243இல் ஆபினி ஆண்வழி முடிவுற்றது. கோட்டை பெண்வழியே ஃபிட்சாலன் குடும்பத்தை அடைந்தது. 1415இல் ஏர்ல் தாமஸ் மக்களின்றி இறந்தபோது சிக்கல் எழுந்தது. கோட்டை ஆண்வழி உறவினரான ஜானிடம் சென்றது. தாமஸின் சகோதரி வழியினரான மோப்ரேக்கள் அவருடைய பட்ட உரிமையை எதிர்த்தனர். கோட்டையை உடைமையால் பட்டமும் உரியதே என்னும் வாதம் 1433இல், அந்த ஜானின் மகன் காலத்தில், ஏற்கப்பட்டது. 1580இல் ஃபிட்சாலன் ஆண்வழியும் முடிய, பட்டம் ஹோவர்டு குடும்பத்தைச் சேர்ந்தது. 1589இல் பிலிப் ஹோவர்டு துரோகக் குற்றத்திற்காகப் பட்டத்தை இழந்தார். 1604இல் அவர் மகனுக்கு அது மீண்டது. 1627ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் பட்டத்தையும் கோட்டையையும் பிரிக்கவியலாதவாறு இணைத்தது.

முடிவுரை

கோட்டையால் பட்டம் என்பது 12ஆம் நூற்றாண்டின் நடைமுறையன்று. 15ஆம் நூற்றாண்டின் உரிமை வழக்கில் நிலைபெற்று, 17ஆம் நூற்றாண்டில் சட்டமான கொள்கையாகும். தொன்மையைக் கூறி உரிமை கோரும் ஆவணம், அது எழுந்த காலத்தின் தேவைக்கே முதன்மைச் சான்றாகும். அது கூறும் தொன்மையை அக்காலத்துப் பட்டயங்களோடு ஒப்பிட்ட பின்னரே ஏற்றல் வேண்டும்.