இராயப்பரும் பேதுருவும்: ஒரு பெயர் வழக்கின் வரலாறு

கிறித்தவத் தமிழ் நூல்களில் திருத்தூதர் ஒருவரே இராயப்பர் எனவும் பேதுரு எனவும் இரு பெயரான் வழங்கப்பெறுகின்றார். முன்னது கத்தோலிக்கரின் பழைய வழக்கு; பின்னது சீர்திருத்தச் சபையார் வழக்கு. இது வெறும் ஒலிபெயர்ப்பு வேறுபாடன்று. தொல் திருச்சபையில் அவர்க்கிருந்த அதிகாரம் யாது என்னும் வினாவோடு தொடர்புடையது என்பது எம் கருத்து.

வினாவின் வேர் மத்தேயு நற்செய்தியின் 16ஆம் இயலில் உளது. சீமோனுக்குப் பாறை எனப் பொருள்படும் பெயர் சூட்டிய இயேசு, அப்பாறைமேல் தம் சபையைக் கட்டுவதாக உரைக்கின்றார். பாறையாவார் அத்தூதரே; அவர்தம் தலைமை உரோமை ஆயர்க்கு வழிவழி உரியது என்பர் கத்தோலிக்கர். பாறையாவது அவர் அறிக்கையிட்ட விசுவாசம், அல்லது கிறித்துவே என்பர் மறுசாரார். அந்தியோக்கியாவில் பவுல் அவரைக் கண்டித்தமையைச் சான்றாகக் காட்டுவர். 430இல் மறைந்த அகுஸ்தீனார் தம் முதுமையில் இருபொருளும் கூறித் தேர்வைப் படிப்போர்க்கே விட்டனர்.

1706இல் தரங்கம்பாடியில் லூத்தரன் திருப்பணி தொடங்கியபின், இரு சபையார்தம் வழக்காடல் தமிழ் உரைநடையிற் புகுந்தது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதிக்குத் தென்கிழக்கே காமநாயக்கன்பட்டியில் முன்னர்ப் பணியாற்றிய வீரமாமுனிவர், 1728இல் வேத விளக்கம் இயற்றி லூத்தரன் சாரார்க்கு விடை பகர்ந்தார். பேதகமறுத்தலும் அவ்வகை நூலே. பிற்காலத்தே அப்பகுதியை அடுத்த சிவகாசியில் ஆங்கிலிக்கத் தொண்டர் இராக்லாண்டு பணிசெய்து 1858இல் மறைந்தார். இங்ஙனம் இரு மரபும் அந்நிலத்தில் அண்மையில் வேரூன்றின.

இனிப் பெயரை நோக்குவாம். அருளப்பர், சின்னப்பர் என்பனவும் 'அப்பர்' ஈறு பெற்றமையின், ஈற்றால் தனித்தலைமை பெறப்படாது, முதனிலையே ஆய்தற்குரியது. தமிழில் 'இராயர்' அரசரைக் குறிக்கும்; தெலுங்கில் 'ராயி' கல்லைக் குறிக்கும். கல்லெனக் கொள்வார்க்கு மத்தேயுவின் பாறையும், அரசெனக் கொள்வார்க்குத் தலைமையும் பெயரிலேயே தோன்றும். 'பேதுரு' என்பதோ கிரேக்க ஒலியைத் தழுவியது. தமிழ்ச் செவிக்குக் கல்லும் புலப்படாது, அரசும் புலப்படாது. முன்னது உரையைத் தன்னகத்தே கொண்டது. பின்னது உரையை வேண்டி நிற்பது.

இரு சபை அறிஞரும் கூடி ஆக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'பேதுரு' என்பதே இடம்பெற்றது. பெயர் ஒன்றாயிற்று, அதிகாரம் பற்றிய கொள்கை ஒன்றாயிற்றில்லை. பழைய கத்தோலிக்க நூல்களைப் பதிப்பிப்போர் இன்றைய வழக்கு நோக்கி 'இராயப்பர்' என்பதை மாற்றுவாராயின், வாதத்தின் ஒரு கூறே மறையும். ஆதலின் மூலத்தில் உள்ளவாறே பெயரை நிறுத்தி, வேறுபாட்டைக் குறிப்பில் விளக்குதலே பதிப்பாசிரியர் கடனாம்.