நெய்யூர் வைத்தியரும் எவரெஸ்ட் பனியும்

லங்காட் ஆற்றங்கரையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வெயிலில் வேகும் எங்கள் டெங்கிலில், பனி என்ற வஸ்துவைக் கண்ணால் காண வேண்டுமானால் ஐஸ் கச்சாங் கடைக்குத்தான் போக வேண்டும். ஆயினும் 1997 மே 23 அன்று, எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் சிகரத்தில் கால் வைத்த முதல் மலேசியர்கள் ஆனபோது, நம்மவர் இருவர் என்று நாங்கள் அடைந்த பெருமிதம் இன்றுவரை தணியவில்லை. அவர்கள் ஏறிய உயரத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, கடந்து சென்ற பனியைப் பற்றி நாம் பேசவில்லை என்பதே என் மனக்குறை.

அந்த ஐஸ் கச்சாங்குக்குச் சீவிய பனித்தூளைத் தட்டில் குவித்து, அது சற்றே உருகி இறுகியபின் புதுத்தூளை அதன்மேல் இட்டுத் தட்டைச் சாய்த்தால், மேலடுக்கு மட்டும் ஒரே பாளமாக வழுக்கி விழும். பர்வதத்திலும் இதே காரியம்தான் நிகழ்கிறது. பழைய பனியின்மேல் காற்று கொண்டுவந்து சேர்த்த புதுப்பனி, அடிப்படலத்தோடு ஒட்டாமல், 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் தங்கி நிற்கும். ஒரு மனிதனுடைய பாரமே அதைப் பெயர்த்துவிடப் போதுமானது.

1922 ஜூன் 7 அன்று எவரெஸ்ட்டின் வடபுறத்தில் நேர்ந்த அனர்த்தமும் இதுவே. சில நாள் பெய்த பனி இறுகிவிட்டது என நம்பி, மல்லோரி, சோமர்வெல், கிராஃபோர்ட் என்ற மூன்று ஆங்கிலேயரும் 14 சுமைகாரர்களும் வடகணவாய்ச் சரிவில் ஏறிக்கொண்டிருக்கையில், சரிவே காலடியிலிருந்து கழன்று இறங்கிற்று. ஒன்பது சுமைகாரர்கள் பனிச்சுவரைத் தாண்டிப் பிளவுக்குள் வீழ்ந்தார்கள். இருவரை உயிரோடு தோண்டி எடுக்க முடிந்தது, எழுவர் மாண்டனர். ஆங்கிலேயர் மூவருக்கும் பிராணாபாயம் இல்லை. தங்களில் ஒருவர்கூட அம்மரணத்தில் பங்குகொள்ளவில்லையே என்ற வேதனையைச் சோமர்வெல் பின்னாளில் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சோமர்வெல் யாரென்று தமிழர் அறிந்திருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த வைத்தியரான அவர், அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, லண்டனில் காத்திருந்த உத்தியோக வாழ்வைத் துறந்து அங்கேயே சேவைக்கு வந்தார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட்டில் சுமார் 28,000 அடி வரை ஏறித் திரும்பியவர், வயிற்றுப் புண்ணால் துடித்த ஏழை ஜனங்களுக்கு ரணசிகிச்சை செய்தும், பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் போதித்தும் ஆயுளின் பெரும்பகுதியை நம்மிடையே கழித்தார்.

சோமர்வெல் ஏறியது வடபுறம் என்றால், மகேந்திரனும் மோகனதாஸும் சென்றது தென்புற வழி. அவ்வழியின் வாசலான கும்பு பனிவீழ்ச்சி, நாளொன்றுக்கு ஒரு மீட்டர் அளவுக்கு நகரும் பனியாறு செங்குத்தாகச் சரிந்து நொறுங்கும் இடம். சூரியன் ஏறினால் பனித்தூண்கள் நெகிழும் ஆதலால், விடியுமுன்பே விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, பிளவுகளின்மேல் கிடத்திய அலுமினிய ஏணிகளில், முள் பதித்த பூட்ஸோடு அடியெடுத்து வைக்க வேண்டும். வருஷந்தோறும் அந்த ஏணியையும் கயிற்றையும் முதலில் போய்க் கட்டுகிற ஷெர்பாக்களை இப்போது ‘பனிவீழ்ச்சி வைத்தியர்கள்’ என்றே அழைக்கிறார்கள்.

2014 ஏப்ரல் 18 காலையில், எவரெஸ்ட்டின் மேற்குத் தோளில் தொங்கிய பனிக்கட்டி உடைந்து அவ்வழியின்மேல் விழுந்தபோது, பிறருடைய ஏற்றத்துக்காக உழைத்துக்கொண்டிருந்த நேபாளத்தார் 16 பேர் மாண்டனர். மறுவருஷம், அத்தோளைவிட்டு விலகி, பனிவீழ்ச்சியின் நடுவே புதுவழி கட்டுவதற்கு ஏணிகளைச் சுமந்து சென்றவர்களும் ஷெர்பாக்களே.