வாங்கிய விளையாட்டுக்கு மீண்டும் மீண்டும் விலை

சென்ற விடுமுறைக்கு இலண்டனிலிருந்து வந்திருந்த என் மருமகனுக்கும் அவனுடைய பதினைந்து வயது மகனுக்கும் இடையே எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு வாக்குவாதம் மூண்டது. விடயம் ஓர் உதைபந்தாட்டக் கணினி விளையாட்டு. அதனைப் பிறந்தநாள் பரிசாக முழு விலை கொடுத்து வாங்கிக் கொடுத்தாயிற்று. பிறகு எதற்காக மாதந்தோறும் அதற்குள் பணம் போடவேண்டும் என்பது தந்தையின் கேள்வி. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பியவர்கள் வாங்குகிறார்கள், தன் வகுப்பில் எல்லோரும் வாங்குகிறார்கள் என்பது மகனின் பதில். "யாரும் கட்டாயப்படுத்தவில்லை" என்பதும் "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்பதும் ஒரே மூச்சில் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எனினும், கடந்த இருபது ஆண்டுகளாக உலகமெங்கும் விளையாடுவோர் தமக்குள் நடத்திவரும் பெரும் வழக்கின் இரு தரப்பையும் அவர்கள் இருவரும் அந்த ஐந்து நிமிடங்களில் பேசி முடித்துவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

அந்த வழக்கின் வரலாற்றைப் பலரும் இணையத்தின் வருகையிலிருந்து தொடங்குவார்கள். அது சரியன்று. கணினி விளையாட்டு வியாபாரம் பிறந்ததே நாணயம் விழுங்கும் இயந்திரத்தில்தான். 1978இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட அமெரிக்கப் பாணி உதைபந்தாட்ட இயந்திரத்தில் இட்ட நாணயத்துக்கு ஏற்ற நேரமே கிடைத்தது. நேரம் முடிந்தால் இன்னொரு நாணயம். 1993இல் மிட்வே நிறுவனம் வெளியிட்ட 'என்பிஏ ஜாம்' என்ற கூடைப்பந்தாட்ட இயந்திரம் இதனை இன்னும் சாதுரியமாகச் செய்தது. ஒரு போட்டிக்கு நான்கு கால்பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் காசு. போட்டி சமநிலையில் இருக்கும்போது எழுந்து போக எவருக்கு மனம் வரும்?

அந்த இயந்திரத்தை வடிவமைத்த மார்க் டேர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் தீவிர ரசிகர். சிக்காகோ புல்ஸ் அணி பிஸ்டன்ஸுக்கு எதிராக இறுதி நொடியில் எறியும் பந்துகள் பெரும்பாலும் தவறிப்போகும்படி நிரலுக்குள் ஒரு வரியை இரகசியமாக எழுதி வைத்திருந்ததைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். இதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நானோ இதனை வேறு விதமாகப் பார்க்கிறேன். காசு போடுபவனுக்கு இயந்திரத்தின் உள்ளே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. பின்னாளில் நீதிமன்றங்கள் வரை போன தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இடையில் ஒரு நல்ல காலமும் இருந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் பொருத்தும் விளையாட்டுப் பெட்டிகள் பரவியபோது, ஒரு முறை விலை கொடுத்தால் பேழையும் அதிலுள்ள அனைத்தும் வாங்கியவனுக்கே சொந்தம் என்ற நிலை வந்தது. விரும்பினால் நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், அலுத்துப்போனால் விற்கலாம். மறைந்திருக்கும் வீரர்களையும் மைதானங்களையும் திறமையால் திறக்கலாம். இன்று ஐம்பது வயதை நெருங்கும் விளையாட்டாளர்கள் "எங்கள் காலத்தில்" என்று பெருமூச்சு விடுவது இந்தச் சில ஆண்டுகளை எண்ணித்தான்.

அந்தக் காலம் முடிவுக்கு வந்த திகதியைச் சொல்லச் சொன்னால் நான் 2004 டிசம்பரைச் சொல்வேன். அந்த ஆண்டு நடுப்பகுதியில் சேகா நிறுவனம் தனது அமெரிக்க உதைபந்தாட்ட விளையாட்டான 'என்எஃப்எல் 2கே5'ஐ வெறும் 19 டொலர் 99 சதத்துக்கு விற்பனைக்கு விட்டது. புதிய விளையாட்டொன்றின் வழக்கமான விலை அப்போது 50 டொலர். சந்தையின் ராஜாவாக இருந்த எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனமும் வேறு வழியின்றித் தனது 'மேட்டன்' விளையாட்டின் விலையை 29 டொலர் 95 சதத்துக்குக் குறைத்தது. போட்டி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அமெரிக்கத் தேசிய உதைபந்தாட்ட லீக்குடனும் அதன் வீரர் சங்கத்துடனும் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் தனியுரிமை ஒப்பந்தம் செய்துகொண்டது. உண்மையான அணிகளின் பெயர்களையும் வீரர்களின் பெயர்களையும் பயன்படுத்திப் போட்டி விளையாட்டு வெளியிட வேறு எவருக்கும் இனி உரிமையில்லை. விலை மீண்டும் ஏறியது. இதற்கெதிராக நுகர்வோர் 2008இல் தொடுத்த கூட்டு வழக்கு 2012இல் 27 மில்லியன் டொலருக்குச் சமரசமாகியது. ஒப்பந்தமோ அசையவில்லை.

மேலதிகக் கட்டணம் பற்றிய விவாதங்களில் பலரும் இந்த அத்தியாயத்தை மறந்துவிடுகிறார்கள். பக்கத்துக் கடையில் வேறு சரக்குக் கிடைக்குமானால் எந்தக் கடைக்காரனும் பைக்குத் தனிக்காசு கேட்கமாட்டான்.

2005 நவம்பரில் மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் 360 வந்தது. விளையாட்டின் விலை 60 டொலராகியது. அதோடு பெட்டிக்குள்ளேயே ஓர் இணையக் கடையும் திறக்கப்பட்டது. அங்கே பணம் பணமாகத் தோன்றவில்லை, 'புள்ளி'யாகத் தோன்றியது. 80 புள்ளிகள் ஒரு டொலர். 2006 ஏப்ரலில் 'ஒப்ளிவியன்' என்ற கற்பனைலோக விளையாட்டில் குதிரைக்குக் கவசம் 200 புள்ளிகளுக்கு, அதாவது இரண்டரை டொலருக்கு விற்கப்பட்டபோது எழுந்த ஏளனம் இன்றுவரை ஓயவில்லை. குதிரைக் கவசம் என்ற சொல்லே வீண்செலவுக்கு மறுபெயராயிற்று. சிரித்தவர்களிலும் பலர் வாங்கினார்கள் என்பது வேறு கதை.

விளையாட்டுத்துறை சார்ந்த கணினி விளையாட்டுகளுக்கு இந்தக் கதவு மிகவும் வசதியாக அமைந்தது. அவை ஆண்டுதோறும் வருபவை. நிஜ உலகில் வீரர்கள் அணி மாறுவார்கள், புதியவர்கள் வருவார்கள், ஆகவே விற்பதற்குப் புதிது புதிதாக ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். 2009 மார்ச்சில் 'ஃபிஃபா 09' விளையாட்டுக்கு 'அல்டிமேட் டீம்' என்ற துணைப் பகுதி தனிக் கட்டணத்துடன் வெளியானது. சீட்டுப் பொதிகளைத் திறந்து, கிடைக்கும் வீரர்களைக் கொண்டு அணி அமைப்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு அதன் நுழைவுக் கட்டணம் குறைந்தது. அதற்கடுத்த ஆண்டு நுழைவு முற்றிலும் இலவசமாயிற்று. நிறுவனத்துக்குத் திடீரென்று தர்மசிந்தை பிறந்துவிடவில்லை. வாசலில் வாங்குவதைவிட உள்ளே வாங்குவதே இலாபம் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். எங்கள் ஊர்க் கார்னிவல்களில் நுழைவுச்சீட்டு மலிவாக இருப்பதன் இரகசியமும் இதுதானே!

இதே காலத்தில் இன்னொரு பரிசோதனையும் நடந்தது. பழைய வட்டுக்களை வாங்கி விற்கும் கடைகளால் தமக்கு ஒரு சதமும் வருவதில்லை என்பது நிறுவனங்களின் நெடுநாள் மனக்குறை. 2010இல் 'டைகர் வூட்ஸ்' கொல்ஃப் விளையாட்டோடு எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் 'ஒன்லைன் பாஸ்' முறையைக் கொண்டுவந்தது. புதிய வட்டோடு ஒரு முறை மட்டும் பயன்படும் குறியீடு வரும். பழைய வட்டை வாங்கியவன் இணையத்தில் விளையாட மேலும் 10 டொலர் கட்டவேண்டும். விளையாடுவோர் இரண்டாகப் பிரிந்தார்கள். உழைத்தவனுக்குக் கூலி போகவேண்டாமா என்றது ஒரு தரப்பு. பழைய கார் வாங்கியவனிடம் கார்க் கொம்பனி வந்து ஸ்டியரிங்குக்குக் காசு கேட்பதுண்டா என்றது மறு தரப்பு. நான் இரண்டாவது தரப்பையே சேர்ந்தவன். பழைய புத்தகக் கடைகளில் வாங்கிப் படித்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? 2013 மே மாதத்தில் நிறுவனமே அந்த முறையைக் கைவிட்டது. எதிர்ப்பு ஒரு காரணம். அதற்குள் பொதி வியாபாரம் தழைத்துவிட்டதால் பத்து டொலருக்காகக் கெட்ட பெயர் எடுக்கவேண்டிய தேவை இல்லாமற் போனது மற்றொரு காரணம் என்பது என் ஊகம்.

பொதி வியாபாரத்தை நியாயப்படுத்துவோர் பழைய உதாரணங்களைக் காட்டுவார்கள். சிகரெட் பெட்டிகளில் வந்த விளையாட்டு வீரர் படங்கள், சூயிங்கம்மோடு வந்த பேஸ்போல் அட்டைகள், இத்தாலியின் மொடேனா நகரில் 1961இல் தொடங்கிய பனினி நிறுவனத்தின் ஒட்டுப்படங்கள். இவை எல்லாவற்றிலும் உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமல்தானே சிறுவர்கள் வாங்கினார்கள் என்பது அவர்கள் வாதம். 2019 ஜூனில் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்த எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் அதிகாரி, இவை சூதாட்டப் பெட்டிகள் அல்ல, 'ஆச்சரியப் பொறிமுறைகள்' என்றார். கிண்டர் முட்டைச் சொக்லேட்டையும் உதாரணம் காட்டினார்.

உதாரணம் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1909க்கும் 1911க்கும் இடையில் அமெரிக்கப் புகையிலைக் கொம்பனி அச்சிட்ட ஹோனஸ் வாக்னரின் அட்டை இன்று மில்லியன் கணக்கான டொலருக்கு ஏலம் போகிறது. கணினிப் பொதியில் கிடைத்த வீரனோ அடுத்த ஆண்டு விளையாட்டுக்கு வரமாட்டான். செப்டெம்பர் வந்தால் எல்லோரும் வெறுங்கையோடு மீண்டும் தொடங்கவேண்டும். பள்ளி முற்றத்தில் இரண்டுக்கு ஒன்று என்று பேரம் பேசி மாற்றிக்கொண்ட ஒட்டுப்படம் பழுப்பேறினாலும் அலுமாரிக்குள் கிடக்கும். இது கிடக்காது. தவிர, நல்ல சீட்டு விழும் வாய்ப்பு எவ்வளவு என்பதே நெடுங்காலம் வெளியே சொல்லப்படவில்லை. 2018இல் வெளியான 'ஃபிஃபா 19'இல்தான் அந்த வீதங்கள் வெளியிடப்பட்டன. மிகச் சிறந்த வீரர்களுக்கு எதிரே இருந்தது ஒரு வீதத்துக்கும் குறைவு என்ற குறிப்பு மட்டுமே.

ஐரோப்பிய அரசுகள் ஒரே குரலில் பேசவில்லை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018 ஏப்ரலில் இப்பொதிகளைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்று அறிவித்தது. சிறிது காலம் முரண்டுபிடித்த எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ், 2019 ஜனவரி இறுதியில் அந்நாட்டில் 'ஃபிஃபா' புள்ளி விற்பனையை நிறுத்தியது. நெதர்லாந்தில் விதிக்கப்பட்ட 10 மில்லியன் யூரோ அபராதத்தை 2020 ஒக்டோபரில் நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் 2022 மார்ச்சில் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. பொதி திறப்பது தனியான ஆட்டமல்ல, திறமை சார்ந்த பெரிய ஆட்டமொன்றின் அங்கமே என்பது தீர்ப்பின் அடிப்படை. பிரித்தானிய அரசு 2022இல் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தப்போவதில்லை என்று கூறி, பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டது. பூனையிடம் பால் பானையை ஒப்படைத்தது போல!

பணத்தின் அளவைச் சொன்னால் பிடிவாதத்தின் காரணம் விளங்கும். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 'அல்டிமேட் டீம்' பகுதிகளிலிருந்து மட்டும் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் ஈட்டிய வருமானம் ஏறத்தாழ 1.62 பில்லியன் டொலர். வட்டை விற்பது இப்போது வியாபாரத்தின் முன்வாசல் மட்டுமே.

ஏனைய நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. கூடைப்பந்தாட்டத்தில் '2கே' நிறுவனம் மெய்நிகர் நாணயத்தை நுழைத்தது. 2017இல் வெளியான 'என்பிஏ 2கே18'இல் தன் வீரனுக்கு முடிவெட்டுவதற்கும் அந்த நாணயம் கேட்கப்பட்டது. முழு விலை கொடுத்தவர்கள் கொதித்தார்கள், நிறுவனம் அவசரமாக முடிவெட்டும் விலையைக் குறைத்தது. 2019 ஓகஸ்டில் அடுத்த விளையாட்டின் விளம்பரப் படத்தில் சூதாட்ட இயந்திரமும் சுழல் சக்கரமுமே வெளிப்படையாகத் தோன்றின. பிள்ளைகளுக்கான விளையாட்டில் இதைக் காட்டலாமா என்று கேள்வி எழுந்தது. மறைப்பதற்கும் சோம்பல் வந்துவிட்டது போலும்.

"விரும்பினால் வாங்கு, இல்லாவிட்டால் விடு" என்ற வாதத்துக்கு மிகச் சரியான பதிலை 2020இல் 'மேட்டன்' ரசிகர்களே கொடுத்தார்கள். அணியொன்றைப் பல பருவங்களுக்கு நிர்வகிக்கும் பகுதி அவ்விளையாட்டில் உண்டு. அதற்குள் பணம் செலுத்த வழியில்லை. ஆண்டாண்டாக அந்தப் பகுதி புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. உழைப்பெல்லாம் பொதிப் பகுதிக்கே போகிறது என்று ரசிகர்கள் இணையத்தில் பெரும் இயக்கம் நடத்திய பின்னரே திருத்தங்கள் வாக்களிக்கப்பட்டன. வாங்காமல் விட்டவனும் தப்பவில்லை என்பதைத்தான் நான் விறாந்தையில் அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னேன். அவன் மரியாதையாகத் தலையாட்டினான், நம்பியதாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துக்குப் பழக்கமான விளையாட்டொன்றையும் அவனுக்குக் காட்டினேன். 2006 நவம்பரில் வெளியான 'கிரிக்கெட் 07'. அதன் பிறகு எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கணினிக்கெனக் கிரிக்கெட் விளையாட்டு எதனையும் வெளியிடவில்லை. உரிமை பெறப்படாத நாட்டு வீரர்களின் பெயர்கள் அதில் உருமாறிக் கிடந்தன. ஆனால் தெற்காசியாவில் அது சாகவில்லை. நிறுவனம் கைவிட்ட விளையாட்டை ரசிகர்கள் கையில் எடுத்தார்கள். பெயர்களைத் திருத்தினார்கள், சீருடைகளையும் மட்டைகளையும் மைதானங்களையும் ஆண்டுதோறும் புதிதாக வரைந்தார்கள், ஒரு சதமும் வாங்காமல் பகிர்ந்தார்கள். என் பழைய கணினியில் இருக்கும் இலங்கை அணியின் பட்டியலை யாரோ முகம் தெரியாத இளைஞர் ஒருவர் திருத்தி வைத்திருக்கிறார்.

பையன் அன்று மாலை முழுவதும் அதை விளையாடினான். வரைகலை மிக மோசம் என்றான். இருட்டிய பின்னரும் எழுந்திருக்கவில்லை.