வெந்நீர்த் தொட்டியும் அதன் காவலும்

சிலாங்கூரின் வடபகுதியில், சபாக் பெர்ணம் மாவட்டத்தில் அமைந்த ஊர் சுங்கை ஆயர் தாவார். மலாய் மொழியில் அப்பெயர் 'நன்னீர் ஆறு' எனப் பொருள்படும். கடலையடுத்த நிலத்தில் நன்னீரின் அருமை ஊர்ப்பெயரிலேயே நிலைத்துவிட்டது. இவ்வட்டாரத் தோட்டங்களில் குடியேறிய தமிழர், தாயகத்து நீராடல் முறையையும் உடன் கொணர்ந்தனர். காய்ச்சிய வெந்நீரைத் தண்ணீரோடு விளாவி, மொண்டு ஊற்றிக் குளிப்பதே அம்முறை.

ஊற்றிய நீர் உடலின் அழுக்கோடு ஓடிவிடும். மறுநாள் குளிப்பவர்க்குப் புதுநீரே கிட்டும். ஈழத்துத் திருகோணமலையை அடுத்த கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் மக்கள் இறங்குவதில்லை. நீரை மொண்டே தலையில் ஊற்றிக்கொள்கின்றனர்.

வெந்நீரில் அமர்ந்து இளைப்பாறும் இற்றை நாள் தொட்டி வேறு வழியில் வந்தது. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறி, நீரிறைக்கும் பொறிகள் செய்துவந்த ஜக்கூசி குடும்பத்தார், மூட்டு நோயால் வருந்திய தம் வீட்டுச் சிறுவனுக்காக நீரைச் சுழற்றும் பொறியொன்றை அமைத்தனர். 1956-இல் அது விற்பனைக்கு வந்தது. 1968-இல் ராய் ஜக்கூசி, பொறியையும் தொட்டியையும் ஒன்றாக்கினார். நோயாளிக்குப் பிறந்த கருவி நாளடைவில் இல்லத்து இன்பப் பொருளாயிற்று.

இத்தொட்டியில் நீர் ஓடிவிடுவதில்லை. மீண்டும் மீண்டும் சுழல்கிறது. ஆபத்து ஈண்டே தோன்றுகிறது. 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டிற்கு வந்தோரைக் கொடிய நுரையீரல் காய்ச்சல் தாக்கியது. அதன் காரணமாகிய கிருமி 1977-இல் கண்டறியப்பெற்று, லெஜியோனெல்லா எனப் பெயர் பெற்றது. வெதுவெதுப்பான நீரே அதற்கு உகந்த இருப்பிடம். 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் மலர்க்கண்காட்சியில், காட்சிக்கு வைத்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து அந்நோய் பரவியது. 100-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் அத்தொட்டியில் குளித்தவர் அல்லர். அதினின்று எழுந்த நுண்திவலைகளைச் சுவாசித்தவரே.

எனவே, ஓட்டம் செய்த காவலை இங்கே மனிதனே செய்தல் வேண்டும். நீரில் பத்து லட்சம் பங்கிற்குக் குறைந்தது 3 பங்கு குளோரின் இருத்தல் வேண்டும். அமில காரநிலை 7.0-க்கும் 7.8-க்கும் இடைப்பட்டிருத்தல் நன்று. வெந்நீரில் குளோரின் விரைந்து குறையும். வியர்வையும் எண்ணெயும் அதனை மேலும் உண்டுவிடும். ஆதலின் நீரை அடிக்கடி சோதிப்பதும், உடலைக் கழுவிய பின்னரே தொட்டியில் இறங்குவதும் கடமை. எண்ணெய் தேய்த்த உடலோடு இறங்குதல் கூடாது. வடிகட்டியைத் தூய்மை செய்து, குறித்த காலத்தில் நீர் முழுவதையும் வடித்துத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டலாகாது. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளை இறக்கலாகாது. கருவுற்ற மகளிரும் இதய நோயாளரும் மருத்துவரைக் கேட்டே இறங்கலாம்.

புதிய கருவியை ஏற்பது குற்றமன்று. ஆயின் பழைய முறையில் இயல்பாய் அமைந்திருந்த காப்பு யாது என அறியாமல் ஏற்பதே குற்றம். மொண்டு ஊற்றிய முன்னோர் கிருமியின் பெயரை அறியார். எனினும் அவர்தம் பயன்படுத்திய நீர் தேங்கி நின்றதில்லை. தேங்கிய நீரில் அமர விழைவோர், அந்நீரை நாள்தோறும் காக்கும் பொறுப்பையும் ஏற்றே ஆகவேண்டும்.