நீலத்துணி போன வழி

நீளம் பதினாறரை மீட்டர், அகலம் ஒரு மீட்டர், எடை இரண்டேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. உள்ளே கறுப்போ என்று மயங்கவைக்கும் அடர்நீலம். வெயிலில் திருப்பிப் பிடித்தால் செம்பு நிறத்தில் ஒரு மினுக்கம். பிரெஞ்சு வணிகர்கள் இதற்கு வைத்த பெயர் கினே. ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போகிற துணி என்பதால் வந்த பெயர். சோழமண்டலக் கரையில் நெய்து, சாயம் தோய்த்து, கப்பலேறிய இந்தத் துணிக்கு அங்கே உடுப்பதைத் தவிர இன்னொரு வேலையும் இருந்தது. செனகல் ஆற்றங்கரையில் அது காசு. ஒரு காலத்தில் அந்தக் காசுக்கு ஆளும் கிடைத்தது.

சாயத்திலிருந்து தொடங்குவோம். அவுரி இலையை ஊறவைத்து, கடைந்து, படிந்ததைக் காயவைத்தால் நீலக்கட்டி. அதை அரைத்துத் தாழியில் இட்டு, சுண்ணாம்பும் உவர்மண் நீரும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவிடுவார்கள். முக்கி எடுக்கும்போது துணி பச்சையாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். ஒரு முக்குக்கு வெளிர்நீலம்தான் ஏறும். கினேவுக்கு வேண்டிய கருநீலம் வர, முக்குவதும் உலர்த்துவதுமாகப் பலமுறை செய்தாக வேண்டும். கடைசியில் மடித்துப் போட்டுக் கட்டையால் அடித்து மினுக்கம் ஏற்றுவார்கள். தோய்ப்பவரின் கை முழங்கை வரை நீலம் பாரித்துக் கிடக்கும். நெசவாளிக்கோ முன்பணம், பழைய பாக்கி தீருமுன் அடுத்த முன்பணம்.

1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்றார்கள். காவிரிக் கழிமுகத்து அரிசியும் சுற்றுவட்டாரத் தறிகளின் துணியும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. கப்பல்கள் கரையை அணைய முடியாது. அரசலாறு கடலில் சேரும் இடத்துக்கு அப்பால், ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கு கொண்டுபோவது சலங்குப் படகுகளின் வேலை. துணிக்கட்டுகள் புதுச்சேரியில் சேர்ந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பிரான்சின் லோரியான் துறைமுகத்துக்குப் போகும். அங்கே நடக்கும் ஏலத்தில் நாந்த் நகரத்து வணிகர்கள் எடுப்பார்கள். அடிமை வாணிகத்தில் பிரான்சின் முதல் துறைமுகம் நாந்த். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு மாற்றாகக் கொடுத்த சரக்கில் பாதிக்கு மேல் துணிதான். அதில் பெரும்பங்கு இந்தியத் துணி. துப்பாக்கி, சாராயம், பாசிமணி பற்றியே கேட்டுப் பழகிய நமக்கு இது உறைப்பதில்லை.

ஆள் விற்பனை இந்தக் கரைக்குப் புதிதுமல்ல. பீஜப்பூர்ப் படை புகுந்து தஞ்சை நாடு சிதறிக் கிடந்த 1659-61இல், போரும் பஞ்சமும் சேர்ந்து துரத்திய மக்களை நாகப்பட்டினத்திலிருந்து ஆயிரக்கணக்கில் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றினார்கள் டச்சுக்காரர்கள். காரைக்காலுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் நடந்தது இது. 1743இல் புதுச்சேரியில் ஆட்களைக் கடத்தி, அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கும்பலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். துணியை வாங்கிய அதே கரையில் ஆளையும் வாங்கினார்கள் என்பதுதான் விஷயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல்வழி அடிமை வாணிகம் சட்டப்படி தடைப்பட்ட பிறகு கினேவின் செல்வாக்கு இறங்கியிருக்க வேண்டும். ஏறியது! காரணம் பிசின். செனகல் ஆற்றின் வடகரையில், இன்றைய மொரித்தானியாவில், வேல மர இனத்து மரங்களிலிருந்து வடியும் பிசின் ஐரோப்பாவின் அச்சுத்துணி ஆலைகளுக்கு இன்றியமையாதது. சாயத்தைக் கெட்டியாக்கி, அச்சு கலையாமல் பிடித்துவைப்பது அதுதான். வறண்ட காற்று வீசும் மாதங்களில் முள்ளுக்குள் போய் அதைச் சேகரித்தவர்கள் அடிமைகள். ஆற்றங்கரைச் சந்தையில் அதை விற்றவர்கள் மூர் இனத்து எசமானர்கள். அவர்கள் கேட்ட விலை நம் நீலத்துணி. பிரான்சின் ரூவான் ஆலைகள் போலித் துணி செய்து அனுப்பிப் பார்த்தன. மூர்கள் தடவிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். இந்தியத் தாழியின் வாசனை இல்லாவிட்டால் தள்ளிவிடுவார்கள். நம் துணியை விலையாகக் கொடுத்து வாங்கிய பிசினால் அச்சடித்த ஐரோப்பியத் துணிதான் பின்னாளில் நம் தறிகளின் வாயில் மண்ணைப் போட்டது.

1843இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. செனகலுக்குப் போகும் கினேவுக்கு நீளம், அகலம், எடை எல்லாவற்றுக்கும் வரம்பு கட்டிய ஆணை அது. நான் மேலே சொன்ன கணக்கு அதிலிருந்து வந்ததே. காசு என்றான பின் அளவு சரியாக இருக்க வேண்டாமா? அதே 1843இல்தான், காரைக்காலை மூன்று பக்கமும் சூழ்ந்த பிரிட்டிஷ் தஞ்சையில், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்ற ஐந்தாம் சட்டம் வந்தது. அதுவரை அங்கே பள்ளரும் பறையரும் நிலத்தோடு சேர்ந்து விலைக்கும் அடமானத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். சட்டம் வந்தும் பண்ணையாளின் கடன் தீரவில்லை.

1848 ஏப்ரல் 27இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கை ஒடிந்தது போலாயிற்று. பதில் ஆள் எங்கே? மறுபடியும் இந்தக் கரைக்கே வந்தார்கள். இம்முறை ஐந்தாண்டு ஒப்பந்தச் சீட்டோடு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆளேற்றிய ‘ஒரேலி’ கப்பல், 1854 டிசம்பர் 24இல் 344 இந்தியரோடு குவாதலூப் தீவை அடைந்தது. அந்தத் தீவுக்கு மட்டும் மொத்தம் 42,000 பேர் அளவில் போனார்கள். பலர் பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டிக் காரைக்காலுக்குள் கூட்டிவரப்பட்ட தஞ்சைக் கூலிகள். துணிக்கு விலைபோன ஆப்பிரிக்கர்களின் பேரப்பிள்ளைகள் விட்டுப்போன வெட்டுக்கத்தியை இவர்கள் கையில் எடுத்தார்கள். இதை அடிமைத்தனம் என்று எழுதினால் சில வரலாற்றாசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், சம்பளம் உண்டு, சீட்டு உண்டு என்பது உண்மை, வேலையை விட்டுப் போனால் சிறை என்பதும் உண்மை.

துணியின் பயணம் அதற்கப்புறமும் ஓடியது. புதுச்சேரியில் சவானா ஆலை கினேவை இயந்திரத்தில் நெய்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டில் படைத்தலைவர்கள் உமர் தாலும் பின்னர் சமோரியும் நடத்திய போர்களில் ஊர் ஊராகக் கைதிகள் அடிமைச் சந்தைக்கு வந்தார்கள். அவர்களில் பலர் பாலைவன விளிம்பில் மூர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் சந்தைகளிலும் நீலத்துணி செல்லுபடியானது. சவானா ஆலையிலோ 1936 ஜூலை 30இல் பிரெஞ்சுப் படை சுட்டதில் பன்னிரண்டு தொழிலாளர் இறந்தார்கள். உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள்.

காரைக்காலை விட்டுப் பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1இல் போனார்கள். பிசின் வடிந்த வடகரை நாடான மொரித்தானியா 1981இல்தான் அடிமை முறையை ஒழித்தது. உலகில் கடைசியாக ஒழித்த நாடு அதுவே. அடிமை வைத்திருப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க அதற்கு 2007 வரை ஆயிற்று.