ஊராத தேர்: சங்கச் சிறுதேரும் நடைவண்டியும்

பழந்தமிழ்க் குழந்தைகள் கையாண்ட மர விளையாட்டுப் பொருள்களை நூல்களில் தேடுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது சிறுதேர். சுடுமண் பொருள்கள் நிலத்துள் நெடுங்காலம் அழியாது நிற்கும். அரப்பாவில் அகழ்ந்தெடுத்த சுடுமண் வண்டிகளை இன்றும் காணலாம். மரமோ விரைவில் மட்கும் இயல்பிற்று. ஆதலின் சங்ககாலத் தச்சன் செய்த சிறுதேரை அறிதற்குப் பாட்டே தலையாய சான்றாகின்றது. அத்தேர் கயிறு கட்டி இழுப்பதோ, கையாற் பற்றித் தள்ளுவதோ, ஏறி அமர்ந்து செல்வதோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் வினா. இவ்வினா சிறிதாயினும், இன்று நம் இல்லத்துக் குழந்தைக்கு எதனை வாங்கித் தருவது என்பதோடு தொடர்புடையது என்பதைக் கட்டுரையின் இறுதியிற் காண்பாம்.

நான்கு சான்றுகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வ மனைகளைக் காட்டுமிடத்துச் சிறுதேரைக் குறிக்கின்றது. முற்றத்தில் உலரும் உணவுப்பொருளைக் கவர வரும் கோழியை விரட்ட, மகளிர் தம் காதிற் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை, சிறுவர் உருட்டிவரும் தேரின் வழியைத் தடுக்கின்றது. அத்தேர்க்கு உருளை மூன்று. பூட்டிய குதிரை இல்லை.

அப்புலவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் சிறுதேர் வருகின்றது. ஆண்டு அது பட்டினத்துச் செல்வர்க்குரியதாகாமல், மருதநிலத்து உழவர் மனைக்குரியதாகின்றது. தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்புமாறு புனைந்த அத்தேரைக் குழந்தைகள் உருட்டித் திரிகின்றனர். தளர்ந்த நடையால் வந்த வருத்தம் நீங்கச் செவிலியரிடம் பாலருந்தித் துயில்கின்றனர். அத்தேர் ஏறிச் செல்லப்படாதது என்பதையும் புலவர் அடைகொடுத்துக் கூறுகின்றார்.

மூன்றாவது சான்று குறுந்தொகையின் 61 ஆம் பாட்டு. தும்பிசேர்கீரனார் பாடியது. தச்சன் செய்த, சிறு குதிரை பூட்டிய வண்டியில் இளையோர் ஏறிச் சென்று இன்புறுவதில்லை. எனினும் கையால் இழுத்து இன்புறுவர். அதுபோலத் தலைவனோடு கூடி இன்புறாவிடினும் அவன் நட்பு தமக்கு இன்பம் தருவதே எனத் தோழி கூறுகின்றாள். உவமம் விளங்க வேண்டுமாயின் கேட்போர் அனைவரும் அவ்வண்டியை அறிந்திருத்தல் வேண்டும். ஆகவே அது ஊர்தொறும் வழங்கிய பொருள் எனல் பொருந்தும்.

நான்காவது கலித்தொகையின் 81 ஆம் பாட்டு. மருதக்கலியைச் சார்ந்த இதில், தாய் தன் மகனைப் பார்த்து மகிழ்கின்றாள். கிண்கிணி ஒலிப்ப, பால் உண்ணலையும் மறந்து, முற்றத்தில் வலிய உருளைகளையுடைய தேரைக் கையால் இயக்கி அவன் நடை பயில்கின்றான். நடை பயிலுதலையும் தேரையும் ஒருங்கு சேர்த்துக் கூறுவது இப்பாட்டின் தனிச்சிறப்பு.

உருட்டலும் ஈர்த்தலும்

இந்நான்கனையும் ஒப்புநோக்கின் வினைச்சொற்கள் வேறுபடுதல் புலனாகும். பட்டினப்பாலையும் பெரும்பாணாற்றுப்படையும் உருட்டுதலைக் கூறுகின்றன; கலித்தொகை இயக்குதலைக் கூறுகின்றது; குறுந்தொகை ஒன்றே ஈர்த்தலைக் கூறுகின்றது. ஈர்க்கப்படும் வண்டிக்கு மட்டும் குதிரை உண்டு. உருட்டப்படும் மூவுருளைத் தேர்க்குக் குதிரை இல்லை எனப் புலவரே விலக்குகின்றார். எனவே சிறுதேர் இருவகைப்பட்டது என யாம் கருதுகின்றோம். ஒன்று நடை பயிலும் குழந்தை கையாற் பற்றி முன்னே தள்ளிச் செல்வது. மற்றொன்று நடை தேர்ந்த குழந்தை பின்னே இழுத்துச் செல்வது.

உருட்டல் என்பது இழுத்தலையும் அடக்காதோ எனச் சிலர் வினவலாம். சொல்லளவில் அடக்கும். ஆயினும் தளர்நடைக் குழந்தை பின்னே வரும் பொருளைத் திரும்பி நோக்கிக்கொண்டே இழுத்தல் அரிது. நிலை தடுமாறி விழும். முன்னே உள்ள பொருளைப் பற்றி நிற்றலே அந்நிலைக்கு இயல்பு. பெரும்பாணாற்றுப்படை தளர்நடையையும், கலித்தொகை நடை பயிலுதலையும் தேரோடு இணைத்தலான், ஆண்டுத் தள்ளுதலே பொருளாதல் தகும்.

உருளை மூன்றென்றதும் வறிதே கூறியதன்று. சமனில்லா மண்முற்றத்தில் நான்கு கால்களையுடைய பொருள் ஆடும். மூன்று கால்களையுடையது எங்கும் பொருந்தி நிற்கும். குழந்தையின் உடற்சுமையைத் தாங்கும் பொருள்க்கு இப்பொருத்தம் இன்றியமையாதது. குழை ஒன்றே வழியைத் தடுத்தது என்றதனால், உருளைகள் சிறியன என்பதும் போதரும். பழந்தமிழில் கால் என்னும் சொல் உருளையையும் குறிக்கும். குழந்தையின் கால் தளரும். தேரின் காலோ வலியது. கலித்தொகை தேர்க்காலின் வலிமையை விதந்தோதுவது இதனாற் பொருள் சிறக்கின்றது.

பிள்ளைத்தமிழ் மரபு

12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் முதலாகச் சிறுதேர் தனிப் பருவமாயிற்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் அதுவே. பாட்டியல் மரபுகளுள் ஒன்று, 3 ஆம் திங்கள் முதல் 21 ஆம் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்கள்களிற் பருவங்களை அமைக்கும். அம்முறையில் எண்ணின் வருகைப் பருவம் 13 ஆம் திங்களிலும், சிறுதேர்ப் பருவம் 21 ஆம் திங்களிலும் அமையும். இவை இலக்கிய வரையறையே. குழந்தை வளர்ச்சியின் அளவுகோல் அல்ல. எனினும் வரிசை நோக்கத்தக்கது. குழந்தை தன் காலால் நடந்து வருதல் முன்னது, தேர் பின்னது. தேர் நடையைப் பிறப்பிப்பதில்லை. பிறந்த நடைக்குத் துணையாகின்றது.

நடைவண்டி

உருட்டும் தேரின் வழித்தோன்றலே நடைவண்டி என்பது எம் துணிபு. முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாக மூன்று உருளைகள், அவற்றின்மேல் முக்கோணச் சட்டம், பின்புறத்தே நிமிர்ந்த பிடி என்பதே அதன் அமைப்பு. குழந்தை பிடியைப் பற்றி எழும், நிற்கும், தள்ளும், வண்டி ஓரடி விலகும், குழந்தை ஓரடி வைக்கும். உட்கார அதில் இடமில்லை.

இந்த இடமின்மையே சங்கப்பாட்டு வற்புறுத்துவது. பெரும்பாணாற்றுப்படை, குறுந்தொகை ஆகிய இரண்டும் ஏறிச் செல்லாமையை வெளிப்படையாக ஓதுகின்றன. ஏனைய இரண்டும் கையாலும் காலாலும் ஆகிய வினையையே கூறுகின்றன. ஊராமையே சிறுதேரின் இலக்கணம் எனலாம்.

பெயர் மயக்கம்

இனி, இக்காலத்து வாக்கர் எனப்படும் பொருளும் நடைவண்டி என்றே தமிழிற் பெயர்க்கப்படுவதுண்டு. உருளைகள் பொருந்திய வளையத்தின் நடுவே இருக்கை அமைத்து, நடவாத குழந்தையை அதனுள் இருத்துவது அது. குழந்தை தன் உடலைத் தான் தாங்காமலே விரைந்து ஓடும், படியில் உருளும், அடுப்பையும் கொதிநீரையும் எட்டும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் அதன் ஆக்கத்தையும் விற்பனையையும் தடைசெய்ய வேண்டும் என 2001 இல் பரிந்துரைத்தது. கனடா நாடு 2004 இல் அதன் விற்பனையைத் தடைசெய்தது. அஃது ஊரும் தேர். நடைவண்டியோ ஊராத தேர். இரண்டற்கும் ஒரு பெயர் இடுதல், சொல்லாராய்ச்சியிற் பிழையாதலோடு, தாயரை மயக்கித் தீங்கு விளைத்தற்கும் இடனாகும். நடைவண்டி என்னும் பெயர் தள்ளிச் செல்லும் மரவண்டிக்கே உரியதாதல் வேண்டும்.

தேர்ந்து கொள்ளுமாறு

மரவண்டி அனைத்தும் நல்லன என்பது எம் கருத்தன்று. இந்திய அரசின் விளையாட்டுப் பொருள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவுபெற்ற கைவினைஞர் தாமே செய்து விற்பனவற்றுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அவர்தம் தொழில் வாழ்வதற்கு அவ்விலக்கு வேண்டுவதே. ஆயின் ஆராயும் பொறுப்பு வாங்குவோரைச் சேர்கின்றது.

பிடி குழந்தையின் மார்பளவில் இருத்தல் நன்று. பற்றி எழும்போது பின்சாய்ந்து கவிழாதவாறு அடிச்சட்டம் அகன்றும் கனத்தும் இருத்தல் வேண்டும். மர அச்சிற் சுழலும் மரவுருளை உராய்வினால் மெல்லச் செல்லும். வழுக்கி ஓடும் உருளை தளர்நடையைத் தள்ளிவிடும். ஆணித்தலை வெளிப்படாமையும், விளிம்பு இழைத்து மழுங்கியிருத்தலும் இன்றியமையாதன. குழந்தை எதனையும் வாயில் வைக்கும் ஆதலின் ஈயங் கலந்த வண்ணப்பூச்சு ஆகாது. பூச்சில்லா மரமோ, சன்னபட்டணத்துக் கடைசற் பொம்மைகளிற்போல அரக்கால் நிறமேற்றிய மரமோ தக்கது.

இவையனைத்தையும் பெரும்பாணாற்றுப்படை ஒரே குறிப்பில் அடக்கியது. தச்சர் மனைச் சிறுவர் நாள்தோறும் சிறுதேர்களுக்கிடையே வளர்பவர். தந்தையின் கைத்திறத்தையும் பிழையையும் ஒருங்கு கண்டவர். அவரும் விரும்பும் தேரே நல்ல தேர் எனப் புலவர் உரைகல் வைத்தார். செய்வோன் தன் குழந்தைக்குக் கொடுக்கத் துணிவானா என்னும் அவ்வினாவை இன்று கடைத்தெருவில் நிற்கும் பெற்றோரும் கேட்டல் தகும். தச்சுப்பட்டறையில் ஒரு நடைவண்டி செய்யப்படும்வரை, பத்துப்பாட்டின் ஒரு சொல்லுக்கு உயிருள்ள உரையும் உண்டு என்க.