ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையும் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ புதினமும்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் விவாதத்தை எழுப்பியது. பின்னர் அவர் தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்னும் தலைப்பில் எழுதிய தொடர், 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என நூல்வடிவம் பெற்றது. 1972ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருதையும் பெற்றது. இப்புதினத்தைச் சிறுகதையின் விரிவாக்கம் என்பது வழக்கம். அது விரிவாக்கம் மட்டுமன்று, மறுவிசாரணையும் ஆகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திருப்புமுனை

மழைநாளில் பேருந்துக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவி அயலான் ஒருவனின் காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். இதுவரை இரண்டும் ஒன்றே. சிறுகதையில் தாய் முதலில் பதறி அடித்தாலும், பின் மகளின் தலையில் நீரூற்றித் தூய்மையானவள் என்று தேற்றுகிறாள், நிகழ்ந்ததை மறைக்கிறாள். புதினத்திலோ தாயின் அலறல் ஊரறியச் செய்துவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டு விலக்குகிறான். ஆதரவளித்துப் படிக்கவைக்கும் மாமாவே அத்துமீறவும் முனைகிறார்.

காப்பியத்தில் சீதையின் தீப்புகல் பலரறிய நிகழ்ந்தது. சிறுகதை அதனை வீட்டுக்குள் கொண்டுவந்து, தீயின் இடத்தில் நீரை வைத்தது. ஆகவே அங்குத் தூய்மைக்கு மறைவே காவல். புதினம் அவையை மீட்டுவந்தது. ஆனால் அவ்வவையில் மீட்சி இல்லை.

பெயரும் குரலும்

சிறுகதைப் பெண்ணுக்குப் பெயரில்லை. படர்க்கையிலேயே கதை நடக்கிறது. புதினத்தில் அவள் கங்கா. தன் கதையைத் தானே கூறுகிறாள். தூய்மையாக்கும் நதியின் பெயரைத் தாங்கியவளுக்குத் தூய்மை மறுக்கப்படுவது கருதத்தக்கது. மேலும், புதினத்திற்குள் ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதையை எழுதுகிறார். கங்கா அதை வாசிக்கிறாள். வாசகர்க்குத் தீர்வாக வழங்கப்பட்டது, உரியவளுக்குக் கிடைக்காத வாய்ப்பாகிவிடுகிறது. தன் படைப்பின் ஆறுதலையே ஆசிரியர் இவ்வாறு கேள்விக்கு உட்படுத்துகிறார்.

முடிவுரை

தூய்மை எது என்பது சிறுகதையின் வினா. அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பது புதினத்தின் வினா. வெள்ளகோவில், காங்கயம் பகுதிகளிலிருந்து கல்லூரிக்கும் பின்னலாடை ஆலைக்கும் பேருந்தில் சென்று திரும்பும் பெண்களுக்கு இவ்வினா பழையதன்று. சிறுகதையை மட்டும் பயிற்றுவித்தால், தாயின் கருணையே போதும் என்ற முடிவுக்கு மாணவர் வரக்கூடும். அக்கருணை வாய்க்காதவளின் வாழ்வைப் புதினமே பேசுகிறது. எனவே இவ்விரண்டையும் இணைத்துப் பயிற்றுவிப்பதே பொருத்தமுடையது.